கனடா நாடாளுமன்றக் குழு: தலைவர் தேர்தலிலிருந்து வேலைத் திட்டம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சங்கம் ஒட்டாவாவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ஒரு நிலைக்குழு நமக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தை ஆய்வு செய்கிறது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். உடனே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து எழுதி, இரண்டு தடவை திருத்தி, "எங்களையும் கூப்பிடுங்கள், பேசுகிறோம்" என்று அனுப்பிவைத்தோம். மரியாதையாக ஒரு நன்றிக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். சாட்சிகளின் (குழு முன் பேச அழைக்கப்படுபவர்களின்) பெயர் கொடுக்க வேண்டிய கெடு மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கெடுவை வைத்த கூட்டத்தை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு நான் குழுக்களின் முதல் கூட்டங்களைத் தேடித்தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அமைச்சர் திணறும் வீடியோவைப் பார்க்க ஆயிரம் பேர் இருப்பார்கள், முதல் கூட்டத்தைப் பார்க்க ஆள் இருக்காது. ஆனால் யார் எத்தனை நிமிடம் பேசலாம், எந்த விஷயம் முதலில் எடுக்கப்படும், யார் பெயர் பட்டியலில் ஏறும் என்பதெல்லாம் தீர்மானமாவது அங்கேதான். இந்த வழிகாட்டி அந்த முதல் சில மணி நேரங்களைப் பற்றியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது கனடா மக்களவையின் நிலைக்குழுக்களைப் பற்றி மட்டும். செனட் குழுக்களின் விதிகள் வேறு. இந்திய நடைமுறையை மனதில் வைத்துக்கொண்டு வருபவர்கள் அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட வேண்டும். டில்லியில் மக்களவைக் குழுவின் தலைவரை சபாநாயகர் நியமிக்கிறார். ஒட்டாவாவில் குழு உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், குறைந்தபட்சம் காகிதத்தில்.

படி 1: நாற்காலிக் கணக்கைப் போடுங்கள்

பொதுத் தேர்தல் முடிந்து சபை கூடியதும், நடைமுறை மற்றும் சபை விவகாரக் குழு என்ற ஒன்று முதலில் அமைக்கப்படும். மற்ற எல்லாக் குழுக்களுக்கும் ஆள் போடுவது அதன் வேலை. நிலையியல் கட்டளை (சபையின் நடைமுறை விதி) 104-ன்படி அது 10 அமர்வு நாட்களுக்குள் பட்டியலைச் சபைக்குக் கொடுக்க வேண்டும். பட்டியலை உண்மையில் எழுதுவது கட்சிக் கொறடாக்கள்தான். கொறடா கொடுக்கும் பெயர் அப்படியே ஏறும், சபையும் பெரும்பாலும் விவாதம் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதுதான் முக்கியம். 2021 தேர்தலுக்குப் பிறகு வந்த நாடாளுமன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குழுக்களில் 12 பேர்: ஆளும் லிபரல் 6, கன்சர்வேடிவ் 4, பிளாக் கெபெக்வா 1, என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) 1. பார்த்தால் சரிபாதி. ஆனால் தலைவர் லிபரல். தலைவர் வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிப்பார். அப்படியென்றால் மேசையில் ஆளும் கட்சிக்கு 5 வாக்கு, எதிர்க்கட்சிகளுக்குச் சேர்ந்து 6. அரசாங்கம் விரும்பாத ஆய்வுகள் அந்தக் காலத்தில் ஏன் அடிக்கடி நிறைவேறின என்பதற்கும், என்டிபி உறுப்பினர் கையைத் தூக்குவாரா மாட்டாரா என்று எல்லோரும் ஏன் அவர் முகத்தையே பார்த்தார்கள் என்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

12 உறுப்பினர்கள் இருந்தால்தான் ஒரு கட்சி சபையில் அங்கீகாரம் பெற்ற கட்சி. 2025 ஏப்ரல் தேர்தலில் என்டிபி 7 இடத்தோடு நின்றுவிட்டதால் அந்த அந்தஸ்தை இழந்தது. ஒரு கட்சி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் குழுவில் அதன் வழக்கமான நாற்காலியும் கேள்வி நேரமும் சேர்ந்தே போய்விடும். குழுவில் இல்லாத எம்பி பொதுக் கூட்டத்தில் வந்து உட்காரலாம், குழு அனுமதித்தால் பேசலாம். ஆனால் வாக்களிக்க முடியாது, தீர்மானம் கொண்டுவர முடியாது, கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) கணக்கிலும் சேரமாட்டார்.

இன்னொன்று: பட்டியலில் இருக்கும் ஆளே எல்லாக் கூட்டத்துக்கும் வருவார் என்று நம்பாதீர்கள். கொறடா ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேறு எம்பி அந்த நாற்காலியில் உட்காருவார். முக்கியமான வாக்கெடுப்பு நாளில் திடீரென்று புது முகம் தெரிந்தால் காரணம் காய்ச்சலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

படி 2: முதல் கூட்ட அறிவிப்பைப் பிடியுங்கள்

சபை பட்டியலை ஏற்ற 10 அமர்வு நாட்களுக்குள் ஒவ்வொரு குழுவும் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட வேண்டும், 48 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது கட்டளை 106. நாடாளுமன்றத் தளத்தில் அந்தக் குழுவின் பக்கத்தில் 'தலைவர் தேர்தல்' என்று ஒரே வரியில் அறிவிப்பு வரும். அந்த வரியைப் பார்த்து, சடங்குதானே என்று விட்டுவிடாதீர்கள். தேர்தல் முடிந்த கையோடு அதே கூட்டத்தில் வழக்கமான தீர்மானங்கள் எல்லாம் நிறைவேறிவிடும். சில சமயம் முதல் ஆய்வுத் தலைப்பும்கூட.

கூட்டம் வெஸ்ட் பிளாக்கிலோ வெலிங்டன் கட்டடத்திலோ நடக்கும். நேரில் போக வேண்டியதில்லை, பார்ல்வியூ என்ற நாடாளுமன்ற ஒளிபரப்புத் தளத்தில் நேரலை வரும், பிறகு பதிவும் இருக்கும். பேசியது முழுவதும் எழுத்திலும் வெளியாகும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும்.

படி 3: தலைவர் தேர்தலைக் கவனியுங்கள்

கூட்டம் தொடங்கும்போது நாற்காலியில் தலைவர் இல்லை, இன்னும் தேர்ந்தெடுக்கவே இல்லையே. நடத்துபவர் குழுவின் கிளார்க். கிளார்க் என்றதும் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நினைவுக்கு வந்தால் தப்பு. இவர் எந்தக் கட்சியையும் சேராதவர், விதிகளைக் கரைத்துக் குடித்தவர். அறிவிப்பு அனுப்புவது, சாட்சிகளைக் கூப்பிடுவது, வாக்கு எண்ணுவது எல்லாம் இவர் கையில். உங்களுக்கு இந்தக் குழுவில் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு ஆள் யாரென்று கேட்டால் எந்த எம்பியையும் சொல்லமாட்டேன், கிளார்க்கைத்தான் சொல்வேன்.

கோரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பத்தியைப் படிப்பார். எல்லாக் குழுவிலும் ஏறக்குறைய அதே வாசகம்தான்: தலைவர் தேர்தலுக்கான முன்மொழிவை மட்டுமே தன்னால் வாங்க முடியும், வேறு தீர்மானம் வாங்க முடியாது, ஒழுங்குப் பிரச்சினைகளைக் கேட்க முடியாது, விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது. இது வெறும் சம்பிரதாயமல்ல. தலைவர் வரும்வரை யாரும் வேறு எதையும் நுழைக்க முடியாதபடி போட்ட பூட்டு. ஆத்திரத்தோடு வந்த எம்பிகூட அந்த இரண்டு மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் தலைவர் எந்தக் கட்சிக்காரராக இருக்க வேண்டும் என்று சொல்வார். பொதுவாக ஆளும் கட்சி. விதிவிலக்கு நான்கு குழுக்கள்: பொதுக் கணக்கு; தகவல் அணுக்கம், தனியுரிமை மற்றும் நெறிமுறை; அரசுச் செயல்பாடு மற்றும் மதிப்பீடுகள்; பெண்கள் நிலை. இவற்றின் தலைவர் பிரதான எதிர்க்கட்சியிலிருந்துதான் வர வேண்டும். செலவுக் கணக்கைச் செலவழித்தவனே தணிக்கை செய்யக்கூடாது என்ற நியாயம்தான். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்கும் வழக்கம் கனடாவில் 1958-ல், பிரதமர் டீஃபன்பேக்கர் காலத்தில் ஆரம்பித்தது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருவர் மைக்கை அழுத்தி ஒரு பெயரை முன்மொழிவார், "வேறு முன்மொழிவு உண்டா" என்று கிளார்க் சுற்றிப் பார்ப்பார், இல்லை. தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்து அந்த எம்பியைத் தலைவர் நாற்காலிக்கு அழைப்பார். இரண்டு பேர் கைதட்டுவார்கள். பத்துத் தடவை பார்த்தால் ஒன்பது தடவை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஏனென்றால் பெயர் ஏற்கெனவே பிரதமர் அலுவலகத்திலோ எதிர்க்கட்சித் தலைவர் அலுவலகத்திலோ முடிவாகி வந்திருக்கும். தலைவருக்குக் கூடுதல் சம்பளமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்; கட்சித் தலைமைக்கு அது கையில் உள்ள ஒரு மிட்டாய்.

பத்தாவது தடவைதான் சுவாரசியம். இரண்டு பெயர் வந்தால் ரகசிய வாக்கெடுப்பு கட்டாயம். கிளார்க் சீட்டு கொடுப்பார், உறுப்பினர்கள் பெயரை எழுதிப் பெட்டியில் போடுவார்கள், யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் கடைசியில் வந்தவரைக் கழித்துவிட்டு மறுபடி. இந்த ரகசிய வாக்கு சும்மா வந்ததில்லை. 2002 நவம்பரில், கிரெட்டியன் பிரதமராக இருந்தபோது, அவருடைய சொந்தக் கட்சியின் பின்வரிசை எம்பிக்கள் பலர் எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து வாக்களித்து இந்த விதியைக் கொண்டுவந்தார்கள். கையைத் தூக்கி வாக்களித்தால் கொறடா பார்ப்பார், சீட்டில் எழுதினால் பார்க்க முடியாது.

விதிப்படி கட்சியைத்தான் குறிப்பிட்டிருக்கிறது, ஆளை அல்ல என்பதையும் கவனியுங்கள். 2017 செப்டம்பரில் பெண்கள் நிலைக் குழுவில் இது வெடித்தது. தலைவர் பதவி கன்சர்வேடிவ்களுக்குரியது. அவர்கள் ரேச்சல் ஹார்டரை நிறுத்தினார்கள். கருக்கலைப்பு பற்றிய அவருடைய நிலைப்பாடு காரணமாக லிபரல், என்டிபி உறுப்பினர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள், கோரம் இல்லாமல் கூட்டம் நின்றது. அடுத்த வாரம் திரும்பி வந்த லிபரல்கள் இன்னொரு கன்சர்வேடிவ் எம்பியான கேரன் வெக்கியோவின் பெயரை முன்மொழிந்து ஜெயிக்க வைத்தார்கள். கட்சி நிறுத்தியது ஒருவரை, நாற்காலியில் உட்கார்ந்தது இன்னொருவர். விதி மீறப்படவில்லை.

தலைவரை இறக்கவும் முடியும். 2008 மார்ச்சில் நடைமுறைக் குழுவின் கன்சர்வேடிவ் தலைவர் கேரி குட்இயர் மீது எதிர்க்கட்சிகள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றி இறக்கினார்கள். அதே கட்சியின் ஜோ பிரெஸ்டன், தனக்கு வேண்டாம் என்றபோதும், அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்.

படி 4: துணைத் தலைவர்கள்

இதைப் புதுத் தலைவர் அல்லது அவர் கேட்டுக்கொண்டால் கிளார்க் நடத்துவார். ஆளும் கட்சித் தலைவர் என்றால் முதல் துணை பிரதான எதிர்க்கட்சி, இரண்டாவது துணை மற்றோர் எதிர்க்கட்சி. அந்த நான்கு குழுக்களில் முதல் துணை ஆளும் கட்சி. அந்தப் பதவிக்குத் தகுதியான ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் அவரே துணைத் தலைவர், போட்டிக்கு வழியே இல்லை. நகருங்கள்.

படி 5: வழக்கமான தீர்மானங்கள், இங்கே தூங்காதீர்கள்

ஒரு எம்பி, பெரும்பாலும் ஆளும் கட்சிக்காரர், ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் படிப்பார். குரலில் உயிரே இருக்காது. கட்சிகளுக்குள் முன்பே பேசிவைத்த வாசகம் என்பதால் கால் மணி நேரத்தில் எல்லாம் நிறைவேறிவிடும். அந்தக் கால் மணி நேரத்தில் என்னென்ன போகிறது என்று பாருங்கள்.

ஆய்வாளர்கள்: நாடாளுமன்ற நூலகத்திலிருந்து ஆய்வாளர்கள் குழுவுக்கு உதவ வேண்டும் என்ற தீர்மானம். இது நிறைவேறியதும் ஓரமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வந்து மேசைக்கு அருகில் உட்காருவார்கள். பின்னால் வரப்போகும் வேலைத் திட்டத்தையும் அறிக்கையின் வரைவையும் எழுதப்போவது இவர்கள்தான்.

கோரம்: முடிவெடுக்க உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் வேண்டும். சாட்சிகளைக் கேட்க மட்டும் குறைந்த எண்ணிக்கை போதும் என்று குழு தீர்மானிக்கலாம். வழக்கமான வாசகத்தில் நான்கு பேர், இரண்டு பக்கமும் இவ்விரண்டு பேர்.

நேரப் பங்கீடு: இதுதான் விஷயம். அண்மை நாடாளுமன்றங்களில் பரவலாக இருந்த ஏற்பாடு இப்படி: சாட்சிக்கு ஆரம்பப் பேச்சு 5 நிமிடம். முதல் சுற்றில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு கட்சிக்கும் 6 நிமிடம். இரண்டாம் சுற்றில் பெரிய கட்சிகளுக்கு ஐந்து ஐந்து நிமிடம், சிறிய கட்சிகளுக்கு இரண்டரை. ஒரு மணி நேர அமர்வில் மூன்று சாட்சிகள் என்று வையுங்கள். ஆரம்பப் பேச்சுக்கே 15 நிமிடம் போய்விட்டது. நான்கு கட்சிகள் இருந்தால் முதல் சுற்று 24. மீதி 21. இரண்டாம் சுற்று முழுதாக ஓட 25 வேண்டும். ஆக வரிசையில் கடைசியில் இருப்பவருக்கு நேரம் கிடைக்காது, அல்லது பாதியில் தலைவர் வெட்டுவார். அந்த வரிசையை யார் எப்படி எழுதினார்கள் என்பது இப்போது புரிகிறதா? அந்த 6 நிமிடமும் கேள்வி பதில் இரண்டும் சேர்த்துத்தான். எம்பி நான்கு நிமிடம் தொகுதிப் பெருமை பேசினால் சாட்சிக்கு இரண்டு நிமிடம்.

காகிதங்கள்: எந்த ஆவணமும் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருந்தால்தான் உறுப்பினர்களுக்குப் போகும், அதையும் கிளார்க் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் ஒரு மொழியில் அனுப்பினால் போதும், அவர்கள் மொழிபெயர்ப்பார்கள். ஆனால் மொழிபெயர்க்க நாள் பிடிக்கும். கெடு நாள் இரவு பதினோரு மணிக்கு அனுப்பியது, நீங்கள் பேசி முடித்துப் பல நாள் கழித்து உறுப்பினர் கைக்குப் போய்ச் சேரலாம்.

முன்னறிவிப்பு: புதிய விஷயத்தில் தீர்மானம் கொண்டுவர 48 மணி நேர அறிவிப்பு வேண்டும். நடைமுறையில் இது இரண்டு இரவு என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது, மாலை நான்கு மணிக்குள் கிளார்க்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் எழுதுவது வழக்கம். அந்த நேரம் குழு ஆய்வு செய்துகொண்டிருக்கும் விஷயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள தீர்மானத்துக்கு அறிவிப்பு தேவையில்லை. இந்தச் சின்ன ஓட்டையில் புகுந்துதான் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு எம்பி திடீரென்று தீர்மானத்தை எடுத்து வைப்பார். மீதி நேரம் அதிலேயே போகும், தூரத்திலிருந்து வந்த சாட்சி பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

இன்னும் உண்டு: சாட்சிகளின் பயணச் செலவு (பொதுவாக ஓர் அமைப்புக்கு இரண்டு பேர் வரை), மூடிய கதவுக் கூட்டத்தில் எந்தப் பணியாளர் இருக்கலாம், அந்தக் கூட்டத்தின் எழுத்துப் பதிவு எங்கே இருக்கும், ஏன், மதியச் சாப்பாடு வாங்கவும் ஒரு தீர்மானம். இவற்றை ஓட்டமாகப் பார்த்தால் போதும்.

படி 6: எதை முதலில் எடுப்பது

வழக்கமான தீர்மானங்களோடு ஒரு துணைக்குழுவும் பிறக்கும். நிகழ்ச்சி நிரல் மற்றும் நடைமுறைத் துணைக்குழு என்று பெயர், எல்லோரும் சொல்வது வழிநடத்தும் குழு. தலைவரும் கட்சிக்கு ஒருவரும் மூடிய கதவுக்குள் உட்கார்ந்து எந்த ஆய்வு முதலில், எந்த வாரம், எத்தனை கூட்டம் என்று பேரம் பேசுவார்கள். அவர்கள் முடிவு அறிக்கையாக முழுக் குழுவுக்கு வரும், குழு ஏற்றால்தான் செல்லும். ஏற்றபிறகு நடவடிக்கைக் குறிப்பில் வெளியாகும். வெளியில் இருப்பவர் முதன்முதலாக உருப்படியான தகவலைப் பார்ப்பது அங்கேதான். பேரம் நடந்ததை நீங்கள் பார்க்க முடியாது, விளைவைத்தான் பார்ப்பீர்கள்.

குழு தன் விருப்பத்துக்கு எதை வேண்டுமானாலும் எடுக்க முடியுமா? ஏறக்குறைய. கட்டளை 108(2) தன் துறை சார்ந்த எதையும் தானாகவே ஆய்வு செய்யும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. சபைச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மெக்ராத் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு 1986-ல்தான் இது வந்தது. அதற்கு முன் சபை அனுப்பியதை மட்டும் பார்க்க வேண்டிய நிலை.

ஆய்வுத் தீர்மானத்தின் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால் எம்பியிடம் பேசும்போது உதவும். "கட்டளை 108(2)-ன்படி இக்குழு இந்த விஷயத்தை ஆய்வு செய்யட்டும், குறைந்தது நான்கு கூட்டங்கள் நடத்தட்டும், அமைச்சரை ஒரு மணி நேரத்துக்கு அழைக்கட்டும், தன் முடிவுகளைச் சபைக்கு அறிக்கையாகத் தரட்டும், கட்டளை 109-ன்படி அரசாங்கத்தின் பதிலைக் கோரட்டும்." அவ்வளவுதான். இதில் 'குறைந்தது' என்பதை 'அதிகபட்சம்' என்று மாற்ற ஒரு திருத்தம் வந்தால் யாருக்கோ இந்த ஆய்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். 'அறிக்கையாகத் தரட்டும்' என்ற வரி காணாமல் போனாலும் அப்படியே.

நீங்கள் தொகுதி எம்பியிடம் போவதாக இருந்தால் இந்தக் கட்டத்துக்கு முன்பே போங்கள், முடிந்தால் ஒரு பக்கத்தில் இந்த வடிவத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். "எங்கள் பிரச்சினையைக் கவனியுங்கள்" என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட, அவருடைய உதவியாளர் அப்படியே வெட்டி ஒட்டக்கூடிய நான்கு வரி எவ்வளவோ மேல்.

படி 7: காலண்டரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள்

சபை வருடம் முழுக்க உட்காருவதில்லை. செப்டம்பரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, பிறகு ஜனவரிக் கடைசியிலிருந்து ஜூன் வரை, நடுநடுவே எம்பிக்கள் தொகுதிக்குப் போகும் வாரங்கள். ஒரு குழுவுக்கு வாரத்தில் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். ஏறக்குறைய 26 வாரம் என்று வைத்தால் 52 கூட்டம். கேட்கத் தாராளமாக இருக்கிறது.

இப்போது கழியுங்கள். சபை அனுப்பும் அரசு மசோதா வந்தால் அதற்கு முன்னுரிமை. தனிநபர் மசோதா வந்தால் 60 அமர்வு நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், ஒரு தடவை 30 நாள் நீட்டிப்பு கேட்கலாம். வருடாந்தர மதிப்பீடுகள் (அரசின் செலவுத் திட்டங்கள்) மார்ச் 1-க்குள் குழுக்களுக்கு வரும், மே 31-க்குள் குழு அறிக்கை தராவிட்டால் தந்ததாகவே கருதப்படும். கோடிக்கணக்கான டாலர் செலவை ஒரு குழு ஒரு மணி நேரம்கூடப் பார்க்காமல் விட்டாலும் அது பார்த்ததாகவே கணக்கு, இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். அமைச்சர் வருகை, மசோதாவின் பிரிவுவாரி ஆய்வு, அறிக்கை வரைவைத் திருத்த இரண்டு மூன்று கூட்டம். சபையில் வாக்கெடுப்பு மணி அடித்தால் அன்றைய கூட்டம் அரைகுறை. எல்லாம் போக ஒரு குழு வருடத்தில் மூன்று நான்கு ஆய்வுகளை ஒழுங்காக முடித்தால் பெரிய விஷயம்.

அதனால் உங்கள் விஷயம் பட்டியலில் ஆறாவதாக இருக்கிறது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், அது நடக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 8: வேலைத் திட்டமும் சாட்சிப் பட்டியலும்

ஆய்வு முடிவானதும் ஆய்வாளர்கள் ஒரு வேலைத் திட்டத்தை எழுதுவார்கள்: பின்னணி, பேச வேண்டிய கேள்விகள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கருப்பொருள், கூப்பிடக்கூடியவர்கள். முதல் கூட்டத்தில் துறை அதிகாரிகள், நடுவில் நிபுணர்களும் அமைப்புகளும், கடைசியில் அமைச்சர் என்பது வழக்கமான வரிசை.

அதோடு கட்சிகளுக்கு ஒரு கெடு: சாட்சிகளின் பெயரை முன்னுரிமை வரிசையில் கிளார்க்குக்கு அனுப்ப வேண்டும். கிளார்க் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப அவரவர் பட்டியலில் மேலிருந்து அழைத்துக்கொண்டே வருவார். எங்கள் சங்கம் கோட்டை விட்டது இந்த இடத்தில்தான். நீங்களே கிளார்க்குக்கு எழுதி விருப்பம் தெரிவிக்கலாம், அவர் உறுப்பினர்களுக்குத் தெரிவிப்பார், ஆனால் ஏதாவது ஒரு கட்சியின் பட்டியலில் உங்கள் பெயர் மேலே இல்லாவிட்டால் அழைப்பு வருவது கஷ்டம். எம்பியின் அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி "எங்கள் பெயரைக் கொடுத்தீர்களா" அல்ல. "எத்தனையாவது இடத்தில் கொடுத்தீர்கள்" என்று கேளுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால் எழுத்துமூலக் குறிப்பு அனுப்புங்கள். அளவும் கெடுவும் குழுவின் பக்கத்தில் இருக்கும், மீறாதீர்கள். குறிப்பை முதலில் ஊன்றிப் படிப்பவர் ஆய்வாளர். ஆகவே முதல் பக்கத்திலேயே, அறிக்கையில் அப்படியே எடுத்துப் போடக்கூடிய பரிந்துரையாக எழுதுங்கள்.

அழைப்பு வந்துவிட்டால், ஒலிச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். இணையம் வழியாகப் பேசுபவர் குழு சொல்லும் ஹெட்செட் இல்லாமல் வந்தால், மொழிபெயர்ப்பாளர்கள் காதைக் காக்க வேண்டும் என்ற காரணத்தால் பேச விடாமலும் போகலாம். நேரில் போனால் மேசையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், இயர்பீஸைக் கழற்றியதும் அதன்மேல் கவிழ்த்து வைக்கச் சொல்வார்கள். மைக்குக்குப் பக்கத்தில் போட்டால் கீச்சென்ற ஒலி நேராக மொழிபெயர்ப்பாளர் காதுக்குப் போகும்.

பயணம் போக வேண்டும், நிறையச் சாட்சிகளை வரவழைக்க வேண்டும் என்றால் பட்ஜெட் வேண்டும். கிளார்க் தயாரிப்பார், குழு ஏற்கும். பெரிய தொகை என்றால் எல்லாக் குழுத் தலைவர்களும் சேர்ந்த தொடர்புக் குழுவிடம் போகும்.

படி 9: திட்டம் உடையும்போது

உடையும், நிச்சயமாக. இரண்டு வழி அடிக்கடி பார்ப்பீர்கள்.

ஒன்று கட்டளை 106(4). குழு உறுப்பினர்கள் நான்கு பேர் காரணம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தலைவர் ஐந்து நாட்களுக்குள் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். ஜூலை மாதத்தில், எல்லோரும் கடற்கரையில் இருக்கும்போது, ஒரு ஊழல் செய்தி வெளியானால் இதைத்தான் எடுப்பார்கள். கூட்டம்தான் கட்டாயம், கேட்டது நிறைவேறும் என்று உத்தரவாதமில்லை. கூடி, விவாதத்தை ஒத்திவைத்துவிட்டுக் கலைந்த கூட்டங்களும் உண்டு.

இரண்டாவது பேசியே நேரம் கடத்துவது. சபையில் பேச்சுக்கு நேர வரம்பு உண்டு, குழுவில் தீர்மானத்தின் மீதான விவாதத்துக்கு இல்லை. 2017-ல் சபை விதிகளை மாற்றுவது பற்றிய ஒரு லிபரல் தீர்மானத்தை எதிர்த்து நடைமுறைக் குழுவில் எதிர்க்கட்சிகள் பேச ஆரம்பித்தார்கள். மார்ச் 21-ல் தொடங்கிய அந்த ஒரே கூட்டத்தை இடைநிறுத்தி இடைநிறுத்தி மே 2 வரை இழுத்தார்கள். குறிப்பேட்டில் அது முழுவதும் ஒரே கூட்ட எண். அந்த வருடம் ஜூனில், பேச விரும்பும் உறுப்பினர் இருக்கும்வரை தலைவர் தன்னிச்சையாக விவாதத்தை முடிக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள்.

தலைவரின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர் உடனே அதை வாக்கெடுப்புக்கு விடலாம், விவாதம் கிடையாது. சமமாக வந்தால் தீர்ப்பு நிற்கும். சபாநாயகருக்கு எதிராக இப்படிச் செய்ய முடியாது. குழுத் தலைவர் எப்போதும் பெரும்பான்மையின் தயவில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

படி 10: கூட்டத்தொடர் முடிந்துவிட்டால்

பிரதமரின் ஆலோசனைப்படி கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டால் குழுவின் ஆய்வுகள், சாட்சிப் பட்டியல், வேலைத் திட்டம், தலைவர் பதவி எல்லாம் அன்றோடு போச்சு. 2020 ஆகஸ்ட் 18-ல் அப்படி நடந்தபோது வீ (WE) என்ற அறக்கட்டளையிடம் அரசு ஒரு திட்டத்தை ஒப்படைத்த விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்த குழுக்கள் நடுவழியில் நின்றன. 2025 ஜனவரி 6-ல் மறுபடி முடித்துவைத்தார்கள், சபை திரும்பக் கூடவிருந்ததற்கு முந்தைய நாள் தேர்தலும் அறிவிக்கப்பட்டது.

புதுத் தொடரில் மறுபடி படி 1-லிருந்துதான். பழைய சாட்சியங்களைக் குழு மீட்டெடுக்கலாம்: முந்தைய தொடரில் கேட்ட சாட்சியமும் பெற்ற ஆவணங்களும் இந்த ஆய்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படட்டும் என்று ஒரு தீர்மானம் வேண்டும். அது தானாக நடக்காது. நீங்கள் முன்பு குறிப்பு அனுப்பியிருந்தால், புதுக் குழு அமைந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கிளார்க்குக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதி இந்தத் தீர்மானம் நிறைவேறிவிட்டதா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் தேதியை மாற்றி, புதுத் தலைவர் பெயரைப் போட்டு, அதே குறிப்பை மறுபடி அனுப்புங்கள்.